பன்னிரண்டு பத்துக்கு எடுத்த படங்கள்

கேன்டீன் ஸ்டோரில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவளுக்கு நாற்பத்தொன்றாவது வயதில்தான் ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. அதுவரை அவள் ஸ்டோர்க்காரம்மா. ஒரு சாவிக்கொத்து, பச்சை அட்டை போட்ட பதிவேடு, காதில் செருகிய பேனா. அவளைப் பற்றி யாரும் இதற்கு மேல் சொல்ல முடிந்ததில்லை. பிறகு ஒருநாள் பாலிஷ் பிரிவிலிருந்து வந்த ஒருவன் தட்டை நீட்டிக்கொண்டே, "போட்டோக்கா, என் தட்டையும் ஒரு படம் புடிங்க, பொண்ணு வீட்டுக்கு அனுப்பணும்" என்றான். வரிசையே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தத் தொழிற்சாலையில் கதவுக் கைப்பிடிகள் செய்தார்கள். நானூற்று முப்பது பேர் மதியம் அங்கேயே சாப்பிட்டார்கள். கேன்டீனை நடத்தியது வேறொரு நிறுவனம். அதற்குப் பல ஊர்களில் முப்பத்திரண்டு கேன்டீன்கள். ஒரு வருஷத் தொடக்கத்தில் அந்த நிறுவனம் புது விதி ஒன்று கொண்டுவந்தது. தினமும் பரிமாறுவதற்கு முன்னால், பானைகளில் இருக்கும் எல்லாவற்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து ஒரு தட்டில் வைக்க வேண்டும். அதற்கு மாதிரித் தட்டு என்று பெயர். பன்னிரண்டு பத்துக்கு அதைப் படம் எடுத்து, எல்லாக் கேன்டீன்களும் இருக்கும் கைப்பேசிக் குழுவில் போட வேண்டும். பிறகு தட்டை மூடி, தேதிச் சீட்டு ஒட்டி, குளிர் அறையில் இரண்டு நாள் வைக்க வேண்டும். யாருக்காவது வயிற்றுக்கு ஏதாவது ஆனால் பரிசோதனைக்கூடத்துக்குப் போவது அந்தத் தட்டுதான்.

படம் எடுக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. வேறு காரணம் ஒன்றுமில்லை, மற்றவர்கள் கையெல்லாம் எண்ணெய்.

முதல் படங்கள் கண்றாவியாக இருந்தன. குளிர் அறைக் கதவுக்கு எதிரே ஒரு சின்ன மேஜை உண்டு. தட்டு உள்ளே போகும் வழி அதுதான் என்பதால் அங்கேயே வைத்து எடுத்துவிடுவாள். மேலே குழல்விளக்கு. சோறு மஞ்சளாக விழும், குழம்பு கறுப்பாக விழும். தட்டுக்குப் பின்னால் கதவு, கதவின் மேல் உள்ளே எவ்வளவு குளிர் என்று காட்டும், சுவர்க்கடிகாரம் போலப் பெரிய வெப்பமானி, அதன் கீழே தரை துடைக்கும் வாளி, ஓரத்தில் சமையல் மாஸ்டரின் முழங்கை. இன்னொரு குறையும் இருந்தது. திரையில் தட்டைத் தொட்டால்தான் ஃபோகஸ் தட்டின் மேல் நிற்கும் என்று அவளுக்குத் தெரியாது. கைப்பேசி தன் இஷ்டத்துக்குத் தேடும். வெள்ளை முகத்தில் கறுப்பு முள்ளோடு பளிச்சென்று இருக்கிற வெப்பமானிதான் அதற்குப் பிடித்திருந்தது. தட்டு கலங்கிப்போகும். பின்னால் முள் ஊசி மாதிரி துல்லியமாக நிற்கும்.

மேனேஜர் நல்ல மனிதர்தான், வாய்தான் சும்மா இருக்காது. "ஏம்மா, தட்டைப் படம் எடுக்கச் சொன்னா நீ குடும்பப் படம் எடுத்து அனுப்புற. வாளி, மாஸ்டரு, கதவு எல்லாரும் இருக்காங்க. சோத்தைத்தான் காணோம்."

அதையும் தாங்கிக்கொண்டாள். முப்பத்தெட்டாவது நாள், ஒரு சனிக்கிழமை, தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் அவள் படத்துக்குக் கீழே, "இது சாப்பாடா, விபத்தா?" என்று எழுதினார். வெவ்வேறு ஊர்களில் இருந்த முப்பத்தொரு கேன்டீன்காரர்கள் சிரிப்பு முகம் போட்டார்கள். அவள் ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பருப்பு மூட்டைகளை மறுபடியும் எண்ணினாள்.

வீட்டில் அவளும் தம்பியும்தான். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அவனுக்கு எட்டு வயது, அவளுக்கு இருபத்திரண்டு. வளர்த்து, படிக்கவைத்து, அதே தொழிற்சாலையின் பாலிஷ் பிரிவில் சேர்த்தும் விட்டாள். கல்யாணப் பேச்சு தனக்கு வந்தபோதெல்லாம் அவன் பரீட்சையைக் காரணம் காட்டினாள். பரீட்சைகள் முடிந்த பிறகு பேச்சும் நின்றுவிட்டது. இதில் தியாகம் என்று எதுவும் இருந்ததாக அவள் நினைக்கவில்லை. அவளை யாரும் எதற்கும் பாராட்டியதில்லை, அவளும் அதை எதிர்பார்க்கப் பழகவில்லை. ஆனால் கேலியும் அவளுக்குப் பழக்கமில்லை. அதனால்தான் அந்த ஒரு வரி அவ்வளவு ஆழமாகக் குத்தியது.

"விடுக்கா, சோத்தைத் திங்கறதா பாக்கறதா?" என்றான் தம்பி.

"நீ திங்கற. அவங்க பாக்கறாங்க. ரெண்டும் என் வேலைதான்."

நூலகத்தின் பின்னறையில் ஞாயிறு காலைகளில் படம் எடுக்கும் பொழுதுபோக்குக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள் என்று கேள்விப்பட்டு மறுநாளே போனாள். ஒருவர் படத்தை மற்றவர்கள் குறை சொல்வதுதான் அங்கே நடந்த முழு வேலை. நாக்கில் ஈவிரக்கமே இல்லாதவர் ஒரு பேருந்து ஓட்டுநர். அவளை விட இரண்டு வயது இளையவர். பேருந்து நிலையத்து டீக்கடைப் பலகாரங்களையே ஆறு வருஷமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

அவள் படத்தை அவர் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"எங்கே போற பஸ்ஸுங்க இது?"

"புரியல."

"பலகையில ஊர் பேரு இருந்தாத்தானே ஏறுவோம். இங்க தட்டும் இருக்கு, கதவும் இருக்கு, வாளியும் இருக்கு. கண்ணு எதுல ஏறும்? என்ன இருக்கணும்னு அப்புறம் பாக்கலாம். என்ன இருக்கக் கூடாதுன்னு மொதல்ல பாருங்க."

"அங்க இருக்கறது எல்லாம் இருக்கத்தானே செய்யும்?"

"அடுப்படியில இருக்கட்டும். படத்துல எதுக்கு?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. பதினாறு வருஷத்தில் அவள் செய்த ஒரு வேலையை யாரோ கூர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

கற்றுக்கொள்வதில் அவள் வேகமில்லை, ஆனால் விடாப்பிடி. திரையில் தட்டைத் தொட்டு ஃபோகஸை அங்கே நிறுத்தப் பழகினாள். திங்கட்கிழமையே குழல்விளக்கை விட்டு, சமையற்கூடத்தின் மறுகோடியில் இருந்த ஜன்னலோரத்துக்கு மேஜையை நகர்த்தினாள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைச் சாய்த்து நிழலை மென்மையாக்கினாள். நேர் மேலே இருந்து எப்போது எடுக்கலாம், தாழ்ந்த கோணம் எப்போது, சூப்புக்கு எது, அடுக்கிய காய்க்கு எது என்று தனியாக ஒரு நோட்டில் எழுதிவைத்தாள். தட்டு நடுவில் இருந்தால் படம் தூங்குகிறது, கொஞ்சம் தள்ளி வைத்தால் விழித்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்தாள். பின்னணியைக் கரைத்துவிடக் கற்றுக்கொண்ட நாளில், பேருந்து ஓட்டுநர் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்தவரிடம் கொடுத்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் கொடுப்பது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

மேஜை நகர்ந்த நாளிலிருந்தே குளிர் அறைக் கதவு அவளுடைய எந்தப் படத்திலும் இல்லை.

கதவு தன்பாட்டுக்கு அங்கே இருந்தது. அதன் ஓரத்து ரப்பர் எங்கோ கிழிந்து, மூடிய பிறகும் மெல்லிய சீறல் ஒன்று கேட்டது. அடியில் ஈரம் கசிந்தது. மாஸ்டர் ஒரு சாக்குத் துணியைச் சுருட்டி வைத்தார். காலையில் காய்ந்திருக்கும் துணி மதியத்துக்குள் நனைந்து கனத்துவிடும்.

"இந்தக் கதவு ஆளு மாதிரி பெருமூச்சு விடுது சார். ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்க" என்று மாஸ்டர் மேனேஜரிடம் மூன்று முறை சொன்னார்.

"காலையில முள்ளு எங்க இருக்கு?"

"நாலுல."

"பதிவேட்டுல?"

"நாலுன்னுதான் எழுதியிருக்கேன்."

"அப்புறம் என்னய்யா? பெருமூச்சு விட்டா விடட்டும். நான் விடலையா?"

இந்தப் பேச்சு மூன்று முறையும் அவள் காதில் விழுந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, சின்னத் தூரிகையால் பீன்ஸின் மேல் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். காலை ஆறு மணிக்கு மாஸ்டர் எழுதும் அந்த நாலுக்குக் கீழே தினமும் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான்.

அலங்காரத்தில் அவளுக்குக் கை தனியாகவே வந்தது. தட்டின் விளிம்பை வினிகர் நனைத்த துணியால் துடைப்பாள். சோற்றைக் கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்ப்பாள். இலைகளின் மேல் தண்ணீரைத் தூற்றுவாள். பெரிய பானையில் வெந்த காய் நிறம் செத்துவிடும். அதனால் ஒரு பிடி காயைத் தனியே எடுத்து, அரைவேக்காட்டில் இறக்கிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைத்துக்கொண்டாள். ஒரு பிடிதானே என்றிருந்தது.

கோழிதான் சிரமம் கொடுத்தது. காலையில் வண்டியில் வரும் கோழி அடுத்த நாளைக்கானது. மாலைக்குள் அதை அரைவேக்காடாக அவித்துக் குளிர் அறையில் வைத்துவிடுவார்கள். மறுநாள் குழம்பில் போட்டுச் சூடாக்கினால் போதும். நானூற்று முப்பது பேருக்கு வேறு வழியில்லை. ஆனால் அப்படி அவித்த துண்டு படத்தில் வெளுத்துப் போய், ஓரம் பிய்ந்து, பார்க்கச் சகிக்காது. அவள் வண்டிக்காரரிடம் கேட்டு அன்று வந்த கோழியில் இரண்டு நல்ல துண்டுகளை எடுத்து, சின்ன வாணலியில் பொன்னிறமாக வதக்கினாள்.

"தங்கச்சி, இது யாருக்குக் கல்யாண விருந்து?" என்று மாஸ்டர் கேட்டார்.

"படத்துக்கு, மாஸ்டர்."

"கொடுத்து வச்ச படம்."

மாதிரித் தட்டில் இருந்த எதுவும் யாரும் சாப்பிடும் பானையிலிருந்து வந்ததல்ல என்று ஆகி நான்கு மாதம் இருக்கும். அது ஒரே நாளில் நடந்திருந்தால் அவளே திடுக்கிட்டிருப்பாள். முதலில் விளிம்பு, பிறகு இலை, அப்புறம் காய், கடைசியில் கோழி. ஒவ்வொன்றும் போன படத்தை விட இந்தப் படம் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. பொய் சொல்கிறோம் என்று ஒரு வினாடியும் அவளுக்குத் தோன்றியதில்லை. நன்றாகச் செய்ய வேண்டும் என்ற ஆசை ஓர் ஆளை எவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. அந்த ஆசையில் குற்றத்தின் வாடை அடிப்பதே இல்லை.

விபத்தா என்று கேட்ட அதே அலுவலகம் அவள் படம் ஒன்றைக் கதவளவுக்கு அச்சடித்து அனுப்பியது. கேன்டீன் வாசலில் அதை மாட்டினார்கள். கூடவே எல்லாக் கேன்டீன்களுக்கும் சுற்றறிக்கை: இனி மாதிரித் தட்டை இதுபோல ஜன்னல் வெளிச்சத்தில், பின்னணியில் எதுவும் தெரியாமல் படம் எடுக்கவும். கொஞ்ச நாளில் குழுவில் வந்து விழுந்த தட்டுகள் எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டன.

அந்தச் சமயத்தில்தான் தம்பி அடிக்கடி சாயங்காலம் சுருண்டு படுக்கத் தொடங்கினான்.

"எங்க பிரிவுல நாலு பேரு இன்னிக்கு லீவு. எல்லாருக்கும் வயிறு" என்றான் ஒருநாள்.

"கேட்டுக்கு எதிர்ல அந்தம்மா நறுக்கி விக்கற பழத்தைத் தின்னுருப்பீங்க. ஈ மொய்க்குது அதுல."

"பழம் தின்னாதவனும் படுத்திருக்கானே."

"தண்ணியா இருக்கும்."

அவன் அவளைப் பார்த்தான். "அக்கா, வாசல்ல மாட்டியிருக்கற தட்டு எந்தக் கேன்டீன்ல கெடைக்கும்னு எங்க ஆளுங்க கேக்கறாங்க. அங்க மாத்தல் வாங்கிக்கலாம்னு."

அவளுக்குச் சுருக்கென்றது. வேலை இருப்பதுபோல எழுந்து போய்விட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அறுபத்து மூன்று பேர் விழுந்தார்கள். பேருந்தில் போகும்போதே சிலர், வீட்டு வாசலில் சிலர். தம்பி குளியலறைக்கும் கட்டிலுக்கும் இடையில் தரையில் கிடந்தான். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது அவன் உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. வந்தவர்களில் அவனுக்குத்தான் மோசம் என்றார் டாக்டர். சிறுநீர் சரியாக இறங்கவில்லை. இரண்டு நாள் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார்.

புதன்கிழமை காலை சுகாதார அதிகாரி வந்தார். சாம்பல் நிறப் பையோடு, அதிகம் பேசாத ஒரு பெண்மணி. கேன்டீனை மூடி, எல்லாவற்றையும் கழுவச் சொன்னார். செவ்வாய்க்கிழமை மாதிரித் தட்டைப் பரிசோதனைக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டார். அதுவரை குளிர் அறைக் கதவை யாரும் திறக்காத காலை அது. முள் நாலில் நின்றது. பதிவேட்டைப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் நாலு. பிறகு குடிநீர்த் தொட்டியைப் பார்க்கப் போனார். போகும் வழியில் பழக்காரம்மாவின் வண்டியைப் பூட்டினார்கள். அந்தம்மா நறுக்கி வைத்த பழத்தைத் துணியால் மூடினாள்.

வியாழக்கிழமை மதியம் அவள் வார்டுக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். வேறு எதிலும் மனம் நிற்காமல் கைப்பேசியை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைக் குழு ஒரு கண்காட்சி வைப்பதாக இருந்தது. ஆரம்பத்தில் எடுத்த மோசமான படம் ஒன்றும் இப்போதைய நல்ல படம் ஒன்றும் எல்லோரும் கொண்டுவர வேண்டும் என்று ஓட்டுநர் சொல்லியிருந்தார். எது ரொம்ப மோசம் என்று பார்க்கப் பழைய படங்களுக்குப் போனாள்.

முப்பத்தெட்டுப் படங்கள். கலங்கிய தட்டு, மஞ்சள் சோறு, மாஸ்டரின் முழங்கை. கலங்காமல் இருந்தது ஒன்றுதான். முதல் படத்தில் முள் நாலைத் தாண்டி நின்றது. ஐந்து. பத்தாவது படத்தில் ஆறு. அவள் விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். பதினெட்டாவதில் ஏழு. முப்பதாவதில் எட்டைத் தொட்டு, சிவப்புப் பட்டையின் ஓரத்தில். விபத்து என்று பெயர் வாங்கிய அந்தப் படத்தில் ஒன்பது.

மாஸ்டர் பொய் எழுதியிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு படத்தின் மேலிருந்த நேரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு பத்து. எல்லாப் படமும் பன்னிரண்டு பத்து. மாஸ்டர் எழுதுவது ஆறு மணிக்கு, ராத்திரி முழுக்க மூடியிருந்த அறை சில்லிட்டுக் கிடக்கும்போது. அதன் பிறகு காலை முழுவதும் கதவு திறக்கும், மூடும், மூடியும் மூடாமல் சீறும். ஆறு மணிக்கு நாலு என்பது உண்மை. மதியம் ஒன்பது என்பதும் உண்மை. அந்த இரண்டாவது உண்மையை அந்தக் கட்டடத்தில் பார்த்துக்கொண்டிருந்தது அவளுடைய கைப்பேசி ஒன்றுதான், அதுவும் அவளுக்கு ஒழுங்காகப் படம் எடுக்கத் தெரியாமல் இருந்தவரை.

முப்பத்தொன்பதாவது படத்தில் ஜன்னல் வெளிச்சம். அதற்குப் பிறகு வந்த ஏழு மாதத்துப் படங்களை அவள் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். தட்டுகள் அழகாக இருந்தன. பின்னால் பாலைக் கரைத்து ஊற்றியதுபோல வெண்மை.

அப்போதுதான் வாணலியில் வதக்கிய துண்டுகள் ஞாபகத்துக்கு வந்தன. பரிசோதனைக்கூடத்தில் இப்போது அவர்கள் அறுத்துப் பார்த்துக்கொண்டிருப்பது அந்தத் துண்டுகளைத்தான். அதில் ஒன்றும் இருக்கப்போவதில்லை என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மேனேஜர் ஃபோன் செய்தார். குரலில் உற்சாகம். "தம்பி எப்படி இருக்கான்? நல்லது, நல்லது. இங்க நல்ல சேதி. சாம்பிள் சுத்தமா இருக்குன்னு வாய்வார்த்தையா சொல்லிட்டாங்க. நாளைக்கு அந்த மேடம் முன்னாடி சமைச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கிட்டா தொறந்துடலாம். மாஸ்டர் அம்பது கிலோ கோழி அவிச்சு வச்சுட்டார். நீ வந்து ஒரு தட்டு அலங்காரம் பண்ணிடு, உன் கைக்கு ஈடு யாரும் வரமாட்டாங்க."

"சார், அந்தக் கதவு..."

"தொடச்சு வச்சாச்சும்மா. பளபளன்னு இருக்கு."

உள்ளே போனாள். தம்பி விழித்திருந்தான். குரல் தொண்டைக்குள்ளேயே இருந்தது. "யாருக்கா?"

"மேனேஜர். நாளைக்குத் தொறக்கறாங்களாம்."

"நல்லதுதான். எங்க ஆளுங்க ரெண்டு நாளா ரொட்டியைக் கடிச்சுட்டுக் கெடக்கறாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "கோழியா?"

"ஆமா."

"எனக்கும் எடுத்து வைக்கச் சொல்லு" என்று சிரித்தான். அவள் போர்வையை இழுத்து அவன் காலை மூடினாள். மூடிய காலையே திரும்பத் திரும்ப மூடினாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குச் சமையற்கூடம் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் வேலையை ஒரே காலையில் செய்வதால் குளிர் அறைக் கதவு ஓயாமல் திறந்து மூடியது. கீழே சாக்குத் துணி இல்லை, அதிகாரிக்காக எடுத்துவிட்டார்கள். தண்ணீர் ஒரு நாடா போல வெளியே வந்து வடிகால் பக்கம் மெதுவாக ஊர்ந்தது. அதிகாரி பானைகளைச் சுற்றி வந்தார். கொதிக்கும் குழம்பில் சூடு அளக்கும் கம்பியை விட்டுப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார். மேனேஜர் அவரை வாசலில் மாட்டியிருந்த படத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

"இது நம்ம போட்டோக்கா எடுத்தது மேடம். எல்லா ஊருக்கும் இதுதான் முன்மாதிரி."

"நல்லா இருக்கு" என்றார் அதிகாரி. அவர் கண் அதில் நிற்கவில்லை. "இன்னிக்கு மாதிரித் தட்டை என் முன்னாடி வைங்க. பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

மேஜை ஜன்னலோரத்தில் இருந்தது. வெள்ளை அட்டை, தூரிகை, வினிகர்த் துணி எல்லாம் தயாராக. அவள் மேஜையைப் பிடித்து இழுத்தாள். கால்கள் தரையில் கிறீச்சிட, சமையற்கூடம் முழுக்கக் கடந்து, குளிர் அறைக் கதவுக்கு முன்னால் கொண்டுவந்து போட்டாள்.

"அங்க எதுக்கும்மா? வெளிச்சமே இல்லையே" என்றார் மேனேஜர்.

பெரிய பானையில் பெரிய கரண்டியை விட்டு அடியிலிருந்து ஒன்று அள்ளித் தட்டில் ஊற்றினாள். வெளுத்த துண்டு, பிய்ந்த ஓரம். விளிம்பெல்லாம் குழம்பு வழிந்தது. துடைக்கவில்லை. கைப்பேசியைத் தூக்கினாள். திரையில் தட்டைத் தொடாமல், அதற்குப் பின்னால் இருந்த வெள்ளை வட்டத்தைத் தொட்டாள். தட்டு கலங்கியது. முள் தெளிந்தது.

பதிமூன்று.

பன்னிரண்டு பத்துக்குக் குழுவில் போட்டாள். பிறகு கைப்பேசியை அப்படியே அதிகாரியிடம் நீட்டினாள்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, ஃபோகஸ் போயிடுச்சு. வேற ஒண்ணு எடு."

"போகல சார்."

அதிகாரி படத்தைப் பார்த்தார். தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தார். தான் உள்ளே வந்ததிலிருந்து ஆறேழு தடவை அதைக் கடந்து போனவர்தான். நடந்துபோய்க் கதவோரத்தில் உள்ளங்கையை வைத்தார். சீறல் அவர் விரல்களின் மேல் பட்டிருக்க வேண்டும்.

"பெரிய அடுப்பை அணைங்க. கெட்டுப்போன கறியில ஊறுன விஷம் கொதிச்சாலும் போகாது" என்றார்.

மாஸ்டர் அணைத்தார். கொதி அடங்க நேரம் எடுத்தது.

"மேடம், கூடத்துல சூடு, அதனால முள்ளு..." என்று மேனேஜர் தொடங்கினார். யாரும் கேட்கவில்லை.

"செவ்வாய்க்கிழமைத் தட்டு ஏன் சுத்தமா இருந்துச்சு?" அதிகாரி அவளைத்தான் கேட்டார். சத்தமில்லாத குரல்.

இதைச் சொல்லாமலும் விட்டிருக்கலாம். கதவு மட்டுமே போதும், கேன்டீனை மூட. அந்த யோசனை அவளுக்கும் வந்தது, வந்து ஒரு நிமிஷம் நின்றது. மாஸ்டர் கரண்டியோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது பெரிய பானையிலேர்ந்து எடுத்தது இல்ல மேடம். அன்னிக்குக் காலையில வந்த கோழி. நான் தனியா வதக்குனேன்."

"எதுக்கு?"

"படம் நல்லா வரணும்னு."

அதிகாரி பேனாவை எடுத்தவர் எழுதாமல் நின்றார். "எவ்வளவு நாளா?"

"நாலு மாசம்."

"கதவு எப்பலேர்ந்து இப்படி?"

அவள் அந்த முப்பத்தெட்டுப் படங்களைக் காட்டினாள். அதிகாரி ஐந்திலிருந்து ஒன்பது வரை நகர்ந்த முள்ளைப் பார்த்தார். "ஒம்பதுக்கு அப்புறம்?"

"அதுக்கப்புறம் இல்ல மேடம்."

"படம் இல்லையா?"

"படம் இருக்கு. கதவு இல்ல."

அன்று ஐம்பது கிலோ கோழியைப் பள்ளம் தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். மாலைக்குள் அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். நிறுத்திய காரணத்தில் கதவைப் பற்றி ஒன்றும் இல்லை, மாதிரித் தட்டு விதியை மீறியதாக மட்டும் இருந்தது. காரணம் சரிதான் என்று அவளுக்குத் தோன்றியது. கேட்டுக்கு எதிரே பழக்காரம்மாவின் வண்டியைத் திறந்துவிட்டார்கள், ஆனால் அதன் பக்கம் யாரும் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சிக்கு அவள் போகவில்லை. ஓட்டுநர் மட்டும் ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தார். "நான் வாளியத்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார். பிறகு தன் பேருந்து நேரத்துக்குப் போய்விட்டார்.

தம்பியைப் பதினோராம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். சிறுநீரகம் இன்னும் முழுதாகத் தேறவில்லை. வாரம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார்கள். இன்னும் எத்தனை வாரம் என்று சொல்லவில்லை.

அடுத்த நாள் மதியம் அவனுக்கு உப்பில்லாக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். மேஜை மேல் கைப்பேசி அதிர்ந்தது. குழுவிலிருந்து அவளை நீக்க யாரும் நினைக்கவில்லை போலும். பன்னிரண்டு பத்து. ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகள் வந்து விழுந்தன. முப்பத்தொரு தட்டுகள். எண்ணெய் மினுங்கும் காய், அழுத்திக் கவிழ்த்த சோறு, துடைத்த விளிம்பு. கொஞ்சம் தள்ளி வைத்த தட்டு, பக்கவாட்டு வெளிச்சம். எல்லாம் அவள் கை.

அவள் கஞ்சியை வைத்துவிட்டு முதல் படத்தை விரலால் விரித்தாள். தட்டைத் தாண்டி, பின்னால். வெள்ளை. அடுத்தது. வெள்ளை. விரிக்க விரிக்கப் படம் கட்டம் கட்டமாக உடைந்ததே தவிர, பின்னால் எதுவும் வரவில்லை.

"என்னக்கா தேடுற?" என்றான் தம்பி.

"கதவை."

பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி எழுதினாள்: தட்டைக் குளிர் அறைக் கதவுக்கு முன்னால் வைத்து எடுங்கள். வெப்பமானி தெரியட்டும். பெரிய பானையிலிருந்து எடுங்கள்.

பிறகு எந்த ஊரிலிருந்தோ யாரோ ஒரு பெண், பார்த்தறியாதவள், எழுதியிருந்தாள்: "அங்க வச்சா பின்னணி நல்லா வராதே அக்கா." பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம். அதற்குக் கீழே இரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

அவள் பதில் எழுதத் தொடங்கியபோது திரையின் அடியில் ஒரு சாம்பல் நிற வரி வந்தது. அவள் இனி அந்தக் குழுவில் இல்லை.

மணி பன்னிரண்டு இருபது. இந்நேரம் முப்பத்தொரு இடத்திலும் கரண்டி பானைக்குள் இறங்கியிருக்கும்.